வுல்வரினாக ஆடுவது எப்படி: 2009 கேமுக்கு ஒரு வழிகாட்டி

‘எக்ஸ்-மென் ஆரிஜின்ஸ்: வுல்வரின்’ கேமைப் புதிதாக ஆடுகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள். எதிரிகளுக்கு நடுவே போய் நின்றுகொண்டு, லேசான அடிக்கான பட்டனை விடாமல் தட்டுவார்கள். என் அக்கா மகனும் அப்படித்தான் தட்டினான். கல்லூரி முடித்து வேலைக்குப் போகிற பையன், கேம் ஒன்றும் அவனுக்குப் புதிதில்லை. “தடுத்து ஆடுடா” என்றேன். “அதான் தானா ஆறிடுதே மாமா, எதுக்குத் தடுக்கணும்?” என்றான்.

கேட்க வேண்டிய கேள்விதான். வுல்வரின் ஒரு மார்வெல் காமிக்ஸ் நாயகன்; கையிலிருந்து நகங்கள் நீளும், காயம் தானாக ஆறிவிடும். காயம் ஆறிவிடும் என்பதை வைத்துத்தான் மொத்தக் கேமும் கட்டப்பட்டிருக்கிறது. ஆனால் எவ்வளவு ஆறும், எப்போது ஆறாது என்பது தெரிந்தால்தான் இதை ஒழுங்காக ஆட முடியும். அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். இது பெரியவர்களுக்கான கேம். அமெரிக்காவில் முதிர்ந்தவர்களுக்கு என்றும், ஐரோப்பாவில் 18 வயதுக்கு மேல் என்றும் தரச்சான்று கொடுத்திருக்கிறார்கள். கை துண்டாகும், தலை உருளும், ஹெலிகாப்டர் விசிறியில் விமானியின் தலை போகும். இதே பெயரில் 2009 மே மாதம் வெளிவந்த படத்தில் இதில் கால்வாசிகூடக் கிடையாது. சூப்பர்ஹீரோ என்ற பெயரைப் பார்த்துப் பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் தூங்கிய பிறகு ஆடுங்கள். நான் அப்படித்தான் ஆடுகிறேன்.

எந்தப் பதிப்பை வாங்குவது என்பதில் கவனம் வேண்டும். ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு கேம்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கும் ரேவன் சாஃப்ட்வேர் செய்தது பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360, கணினி ஆகிய மூன்றுக்கும் வந்தது. ‘அன்கேஜ்டு எடிஷன்’ என்பது இதுதான். பிளேஸ்டேஷன் 2, வீ போன்றவற்றுக்கு வந்தது வேறு ஸ்டுடியோவின் வேலை. அதில் ரத்தம் குறைவு, சண்டையின் கனமும் குறைவு. நான் எழுதுவது முழுக்க ரேவனின் கேமைப் பற்றி. அதை வெளியிட்ட ஆக்டிவிஷனிடம் இருந்த மார்வெல் உரிமம் முடிந்துபோனதால், 2014 தொடக்கத்தில் இணையக் கடைகளிலிருந்து இதை எடுத்துவிட்டார்கள். அதனால் பழைய டிஸ்க்தான் வழி. வாங்கும்போது டிஸ்க்கை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடுவிலிருந்து விளிம்புக்குப் போகிற கீறல்கள் பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. வட்டமாகச் சுற்றியோடும் கீறல் இருந்தால் வேண்டாம், படிக்கும்போது பாதியில் நின்றுவிடும். கணினியில் ஆடுகிறவர்கள் கன்ட்ரோலர் ஒன்றைச் செருகிக்கொள்ளுங்கள். கீபோர்டில் ஆட முடியும்தான். ஆனால் தடுப்பதும் பாய்வதும் உருள்வதும் மாறி மாறி வரும்போது விரல்கள் சிக்கிக்கொள்ளும்.

பட்டன் பெயர்கள் மெஷினுக்கு மெஷின் மாறும் என்பதால் நான் செய்கையின் பெயரையே சொல்கிறேன். லேசான அடி, பலமான அடி, பிடி, தடுப்பு, உருளல், பாய்ச்சல், ரேஜ் எனும் வெறி. எந்தச் செய்கைக்கு எந்தப் பட்டன் என்பதைக் கேமே ஆரம்பத்தில் திரையில் காட்டிவிடும்.

இப்போது அந்தக் காயம் ஆறும் விவகாரம். நான் பார்ப்பது எக்ஸ்ரே எடுக்கும் வேலை. நெஞ்சுக்கூடு தினமும் என் கண்ணில் படுகிற ஒன்று. அதனால்தானோ என்னவோ, இந்தக் கேமில் என்னை முதலில் பிடித்து நிறுத்தியது வுல்வரினின் உடம்பு. குண்டு பட்டால் முதலில் பனியன் கிழியும். அப்புறம் தோல் போகும், அதற்கடியில் சதை தெரியும். இன்னும் பட்டால் விலா எலும்புகள் வெளியே வரும். ஆய்வகப் பகுதிகளில் அந்த எலும்பே உலோகமாக மினுங்கும், அடமான்டியம் என்ற கற்பனை உலோகம் எலும்பில் ஏறிய பிறகான உடம்பு என்பதால். நீங்கள் சண்டையை விட்டு விலகி ஒரு தூணுக்குப் பின்னால் நின்றால், கண்ணெதிரே சதை வளர்ந்து எலும்பை மூடும், அதன்மேல் தோல் படரும். பனியன் மட்டும் கிழிந்தபடியே இருக்கும். 2009இல் ஒரு கேமில் இதைச் செய்திருக்கிறார்கள். படத்தோடு சேர்த்து விற்க அவசரமாகத் தயாராகும் கேம்களில் இவ்வளவு மெனக்கெடுவது அபூர்வம். இந்தக் கேமின்மேல் எனக்கு மரியாதை வந்தது இதைப் பார்த்துத்தான்.

ஆடுகிறவருக்கு இது வெறும் அலங்காரம் இல்லை, அளவுகோல். கேமில் உயிர் இரண்டு அடுக்காக இருக்கிறது. மேல் அடுக்கு சாதாரண ஹெல்த், கொஞ்சம் விலகி நின்றாலே வேகமாக நிரம்பும். அது தீர்ந்தபின் அடி உள்ளுறுப்புகளில் விழ ஆரம்பிக்கும். இந்த இரண்டாவது அடுக்கு ஆறுவது ரொம்ப மெதுவாக. அது தீர்ந்தால் வுல்வரினும் சாவான். அக்கா மகனின் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. சட்டென்று ஆறுவது மேல் அடுக்குதான். அதை நம்பி எல்லா அடியையும் வாங்கினால், ஒரே சண்டையில் மூன்றாவது கூட்டம் வந்து இறங்கும்போது உங்களிடம் மெதுவாக ஆறும் அடுக்கு மட்டுமே மிச்சமிருக்கும்.

ஆகவே ஒரு பழக்கம் வேண்டும். மூலையில் இருக்கும் ஹெல்த் பாரை அடிக்கடி பார்க்காதீர்கள், கண் எதிரிகளை விட்டு நகரும். வுல்வரினின் முதுகைப் பாருங்கள். கேமரா எப்படியும் அவன் பின்னால்தான் நிற்கிறது. தோல் கிழிந்திருந்தால் சண்டையைத் தொடரலாம். எலும்பு தெரிந்தால் விலகுங்கள். இது கண்ணுக்குப் பழகிவிட்டால் பாரைப் பார்க்கவே தேவையிருக்காது.

விலகுவது என்றால் ஓடி ஒளிவது இல்லை. கேமரா வீச்சுக்குள் துப்பாக்கிக்காரர்கள் இல்லாத ஒரு மூலைக்கு உருண்டு போய், அங்கே வருகிற ஒருவர் இருவரைத் தடுத்து அடிப்பது. அதற்குள் மேல் அடுக்கில் கொஞ்சம் ஏறியிருக்கும்.

அடுத்தது பாய்ச்சல். இந்தக் கேமின் உயிர் அதில்தான் இருக்கிறது. தூரத்தில் நிற்கும் எதிரியைக் குறிவைத்தால் அவன்மேல் ஓர் அடையாளம் தோன்றும். பட்டனை அழுத்தினால் வுல்வரின் மொத்தத் தூரத்தையும் தாண்டிப் பறந்து அவன் நெஞ்சில் இரண்டு கை நகங்களோடும் இறங்குவான். பள்ளத்தைத் தாண்டிப் பாயலாம். மாடி விளிம்பில் நிற்பவன்மேல் கீழேயிருந்து பாயலாம். பறந்துகொண்டிருக்கும் ஹெலிகாப்டர்மேலேயே பாயலாம். புதிதாக ஆடுகிறவர்கள் இதைச் சண்டையைத் தொடங்க மட்டும் பயன்படுத்துவார்கள். அது போதாது. பாய்ச்சலின் உண்மையான பயன் இடம் மாறுவதில் இருக்கிறது. ஐந்து பேர் உங்களைச் சுற்றி நிற்கிறார்கள், அடி விழுகிறது. அப்போது பக்கத்தில் இருப்பவனோடு மல்லுக்கட்டாமல், தூரத்தில் துப்பாக்கியோடு தனியாக நிற்பவன்மேல் பாயுங்கள். ஒரே அசைவில் வளையத்திலிருந்து வெளியேறிவிடுகிறீர்கள், தூரத்திலிருந்து சுட்டுக்கொண்டிருந்தவனும் ஒழிந்தான். கத்திக்காரர்கள் உங்களை நோக்கி மறுபடி ஓடிவர வேண்டும். வரட்டும். கூட்டமாக வந்து சூழ்வதைவிட ஒவ்வொருவராக ஓடிவருவது உங்களுக்கு நல்லது.

இதிலிருந்தே ஒரு வரிசை தானாக வந்துவிடும். முதலில் தூரத்தில் சுடுபவர்கள், அப்புறம் கிட்டே வருபவர்கள், கடைசியில் பெரிய ஆள். பெரிய ஆளைப் பார்த்ததும் அவனிடம் ஓடத் தோன்றும். அடக்கிக்கொள்ளுங்கள்.

பிடியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். எதிரியைப் பிடித்ததும் பலமான அடி பட்டனை அழுத்தி வைத்துக்கொள்ளுங்கள். வுல்வரின் கையை ஓங்குவான். நகங்கள் ஒரு கணம் பளிச்சென்று மின்னும். அந்தக் கணத்தில் விட்டால் ஒரே அடியில் கதை முடியும். முன்னே விட்டாலும் பின்னே விட்டாலும் சாதாரண அடிதான். முதல் லெவலில் தனியாக நிற்கும் ஒரு சிப்பாயைப் பிடித்து இதைப் பழகுங்கள். மின்னலைக் கண்ணால் பார்த்துவிட்டு விரலை எடுத்தால் தாமதமாகிவிடும். கை ஓங்குகிற வேகத்தை மனதில் வாங்கிக்கொண்டு, மின்னல் வரும் நேரத்துக்கு விரல் தயாராக இருக்க வேண்டும். கைக்கு வந்துவிட்டால் கூட்டத்தில் வலுவானவனைத் தேர்ந்தெடுத்து இப்படி முடிக்கலாம்.

பிடித்தவனைத் தூக்கி எறியவும் செய்யலாம். எறியும் முன் சுற்றுமுற்றும் பாருங்கள். சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, உடைந்த மரக்கிளையின் கூர், ஃபோர்க்லிஃப்ட்டின் முன்கொம்புகள், மலை விளிம்பு. இவையெல்லாம் அதற்காகவே வைக்கப்பட்டவை. ஃபெரல் சென்ஸ் என்ற மோப்பப் பார்வையை இயக்கினால் சுற்றுப்புறம் நிறம் மங்கி, இப்படிப் பயன்படக்கூடிய பொருள்களும் போகவேண்டிய வழியும் துலக்கமாகத் தெரியும். வழி தெரியாமல் சுற்றும்போது மட்டும் இயக்குகிறவர்கள்தான் அதிகம். ஒவ்வொரு புது இடத்துக்குள்ளும் நுழைந்தவுடன் ஒருதரம் இயக்கிப் பார்த்துவிடுங்கள். எங்கே எறியலாம் என்பது சண்டை தொடங்கும் முன்பே தெரிந்திருக்கும்.

தடுப்புக்கு வருவோம். பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே நிற்பது வேறு, அடி விழும் கணத்தில் தட்டுவது வேறு. இரண்டாவதுதான் கவுண்டர். எதிரியின் கத்தி இறங்கும்போது சரியாகத் தட்டினால் வுல்வரின் அதைத் திருப்பி, அடுத்த பட்டனில் எதிரியைச் சாய்த்துவிடுவான். மஷெட்டி கத்தியோடு வருபவர்களிடம் இதைப் பழகலாம். அவர்கள் கையை நன்றாகப் பின்னால் இழுத்துத்தான் வீசுவார்கள், நேரம் கிடைக்கும்.

ரேஜ் மீட்டர் அடிக்க அடிக்க நிரம்பும். அதைச் செலவழிக்கச் சில வழிகள் இருக்கின்றன. பம்பரம்போலச் சுழன்று சுற்றியிருப்பவர்களை வெட்டுவது ஒன்று. வெறிநிலைக்குப் போய்ச் சற்று நேரம் எல்லா அடியிலும் பலம் கூடுவது இன்னொன்று. இரண்டுக்கும் வேலை தனித்தனி. நான்கு பேருக்கு மேல் நெருக்கமாக நின்றால் சுழலுங்கள். பெரிய ஆள் ஒருவன் எதிரே நின்றால் வெறிநிலை. ஆரம்பத்தில் ஸ்கில் பாயிண்ட்கள் கிடைக்கும்போது எல்லாவற்றிலும் ஒவ்வொன்றாகப் போடாதீர்கள். முதலில் ஹெல்த், அப்புறம் நகங்களின் பலம், அதற்குப் பின் சுழலும் தாக்குதல் என்று போட்டால் நடுப்பகுதி லெவல்களில் தெரியும் வித்தியாசம் பெரியது.

எக்ஸ்பி எனும் அனுபவப் புள்ளிகள் எப்படி ஏறுகின்றன என்பதில் ஒரு நுட்பம். ஒரே வகை எதிரியோடு தொடர்ந்து மோதினால், அந்த வகைக்கான ரிஃப்ளெக்ஸ் ஏறும், அவர்களை அடிப்பது சுலபமாகும். ஆகவே லேசான சிப்பாய்களைத் தாண்டி ஓடிவிடலாம் என்று நினைக்காதீர்கள். முன்பகுதியில் அவர்களைத் தீர்த்துவிட்டுப் போனால், பின்னால் அவர்களே கூட்டமாக வரும்போது கை லேசாக இருக்கும். இறந்துகிடக்கும் வீரர்களின் கழுத்தில் தொங்கும் அடையாளத் தகடுகள் வழிநெடுகக் கிடக்கும். அவற்றை எடுத்தாலும் எக்ஸ்பி உண்டு. மூலை முடுக்குகளில் எட்டிப் பார்க்கச் சலிக்காதீர்கள். மியூட்டஜன் என்பவையும் அப்படி மறைவான இடங்களில்தான் இருக்கும். ஒரே சமயத்தில் மூன்று வரை அணியலாம். ஒன்று காயம் ஆறும் வேகத்தைக் கூட்டும், ஒன்று வாங்கும் அடியைக் குறைக்கும், இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். எக்ஸ்பி கூட்டுவதை ஆரம்பத்திலேயே மாட்டிவிடுங்கள். பின்னால் பாஸ் எனும் பெரிய வில்லன்களோடு மோதும் சண்டைகளுக்கு முன் அதைக் கழற்றிக் காயம் ஆறுவது சம்பந்தப்பட்டதை மாட்டிக்கொள்ளலாம்.

கதை இரண்டு காலங்களில் முன்னும் பின்னுமாகப் போகும். ஒரு பக்கம் ஆப்பிரிக்கக் காடு, ராணுவ அதிகாரி ஸ்ட்ரைக்கரின் குழுவோடு லோகன், அதாவது வுல்வரின், இருந்த காலம். இன்னொரு பக்கம் ஆல்கலை லேக் ஆய்வகத்திலிருந்து தப்பும் காலம். முதலில் குழப்பமாக இருக்கலாம், கதையைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். படத்தில் இல்லாத பல விஷயங்களை இதில் சேர்த்திருக்கிறார்கள். திரைக்கதையை எழுதியவர் மார்க் குகன்ஹைம். வுல்வரினுக்குப் படத்தில் நடித்த ஹியூ ஜாக்மேனே குரல் கொடுத்திருக்கிறார், எதிரியாகும் அண்ணன் விக்டர் க்ரீடுக்கு லீவ் ஷ்ரைபர். நடிகர்களே பேசியிருப்பதால் வெட்டுக்காட்சிகளைத் தாண்டாமல் பாருங்கள்.

காட்டில் லெவியாத்தன் என்று ஒன்று வரும். கல்லும் தணலுமாக, வுல்வரினைப் போல இரண்டு மூன்று மடங்கு உயரம். முன்னால் நின்று அடித்தால் பலனில்லை. பாறை எறியும், பாய்ந்து வரும். அது பாயும்போது பக்கவாட்டில் உருளுங்கள், பின்னால் போக வேண்டாம். அது உங்களைத் தாண்டிப் போய்த் திரும்புவதற்குள் முதுகின்மேல் பாயுங்கள். மேலே ஏறியதும் தட்டிக்கொண்டே இருக்கலாம், அது உங்களை உதறும்வரை. உதறியதும் எழுந்து ஓடி மறுபடி அதே முறை. இந்தப் பெரிய உருவங்கள் வெவ்வேறு வேஷத்தில் திரும்பத் திரும்ப வரும். ஆய்வகத்தில் வெண்டிகோ என்ற பெயரில் வருவதும் கிட்டத்தட்ட இதே சண்டைதான். சில இடங்களில் அலுக்கும், மறைக்க விரும்பவில்லை. ஆனால் வெண்டிகோ என்ற பெயர் பொருத்தமானது. 1974இல் ஹல்க் காமிக்ஸில் வுல்வரின் முதன்முதலாகத் தோன்றியபோது எதிரே நின்றவர்கள் ஹல்க்கும் வெண்டிகோவும்தான். ரேவன்காரர்கள் காமிக்ஸ் படித்தவர்கள். அதற்கு முன்பே 2004இல் எக்ஸ்-மென் லெஜண்ட்ஸ், 2006இல் மார்வெல் அல்டிமேட் அலையன்ஸ் போன்ற கேம்கள் செய்து கை பழகியிருந்தார்கள்.

கண்ணுக்குத் தெரியாத எதிரிகள் பின்பகுதியில் வருவார்கள். காற்றிலிருந்து அடி விழுவதுபோல் இருக்கும். பதறாமல் மோப்பப் பார்வையை இயக்குங்கள், உருவம் தெரியும். தெரிந்ததும் குறிவைத்துப் பாய்ந்துவிடுங்கள். நின்று சண்டை போட இடம் கொடுத்தால் மறுபடி மறைந்துவிடும்.

நடுவில் வால்வு திருகுவது, பெட்டி தள்ளுவது, நெம்புகோலைச் சரியான வரிசையில் இழுப்பது என்று சில புதிர்கள் உண்டு. அவற்றில் பெரிதாக ஒன்றும் இல்லை. மோப்பப் பார்வையைப் போட்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

பாஸ்களில் விக்டரைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மதுக்கடைக்குள் நடக்கும் அந்தச் சண்டையில் இருவரும் ஒரே வகை ஆட்கள், அவனும் ஆறுவான். பட்டனைத் தட்டிக்கொண்டே நின்றால் அவன்தான் ஜெயிப்பான். அவன் நான்கு கால் பாய்ச்சலில் வரும்போது உருளுங்கள், எழுந்ததும் இரண்டு மூன்று அடி, அப்புறம் விலகல். அதற்குமேல் ஆசைப்படக் கூடாது. கவுண்டர் பழகியிருந்தால் இந்தச் சண்டை பாதி நேரத்தில் முடியும்.

பிளாப் எனும் ஃப்ரெட் டியூக்ஸ் சூப்பர்மார்க்கெட்டுக்குள் துரத்துவான். அவன் வயிற்றில் அடித்துப் பிரயோசனமில்லை. முதுகில் ஏறுங்கள். ஏறியபின் அவனைச் சுவரிலும் அலமாரியிலும் கொண்டுபோய் மோத வைக்கலாம். ஓட இடம் இருக்கும் பக்கமாகவே எப்போதும் நின்றுகொள்ளுங்கள், சந்தில் மாட்டினால் நசுக்கிவிடுவான்.

சென்டினல் வரும் இடம் இந்தக் கேமின் உச்சம். கட்டட உயரத்துக்கு ஓர் இயந்திர மனிதன். முதல் பாதி தரையில். கையை ஓங்கித் தரையில் அறையும்போது விலகி, கை தரையில் இருக்கும் நேரத்துக்குள் அதை வெட்ட வேண்டும். லேசர் வரும்போது குறுக்கே ஓடாமல், அது நகரும் திசைக்கு முன்னாலேயே ஓடுங்கள். மறுபாதி ஆகாயத்தில் விழுந்துகொண்டே நடக்கும். விழும்போது கண்ணைச் சென்டினல்மேல் வைக்காதீர்கள், இடையில் வரும் உடைசல்கள்மேல் வையுங்கள். அவற்றில் மோதுவதால்தான் பெரும்பாலும் சாவு.

காம்பிட் என்பவனோடு நடக்கும் சண்டை நீளமானது. சூதாட்ட விடுதியின் உச்சியில், இடம் மாறி மாறி நடக்கும். அவன் எறியும் சீட்டுகள் வெடிக்கும், தடியால் தரையை அடித்தால் தரையே சிவந்து வெடிக்கும். பொறுமை இழந்து தொடர்ந்து பாய்ந்தால் அந்தரத்தில் சீட்டு வாங்கி விழுவீர்கள். அவன் வீசி முடித்த இடைவெளிக்காகக் காத்திருங்கள். வீச்சு, உருளல், பாய்ச்சல், இரண்டு அடி, விலகல். இந்தத் தாளம் பிடிபட்டால் நீளம் ஒரு பொருட்டில்லை. இந்தச் சண்டைக்கு முன் ஆறும் வேகத்தைக் கூட்டும் மியூட்டஜனை மாட்டியிருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வழியில் வேறு கேம்களையும் தொலைக்காட்சித் தொடர்களையும் நினைவூட்டும் சின்னச் சின்ன ஒளிவிடங்கள் உண்டு. காட்டில் ஒரு மர்மமான இரும்பு மூடி, ஓரிடத்தில் ஒரு கேக், ஓர் எலும்புக்கூட்டின் பக்கத்தில் ஆர்தஸ் என்று பெயர் பொறித்த வாள். மூன்றுக்கும் சாதனைப் பட்டயம் தருகிறார்கள். தேடுகிறவர்கள் தேடிக்கொள்ளுங்கள், எங்கே என்று சொல்லி உங்கள் சந்தோஷத்தைக் கெடுக்க மாட்டேன்.

உடைகளைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும். லெவல்களில் சின்ன வுல்வரின் பொம்மைகள் ஒளிந்திருக்கும். ஒரே வகை பொம்மை இரண்டு கிடைத்தால் மெனுவில் ஒரு சவால் திறக்கும். அந்த உடை போட்ட வுல்வரினோடு நீங்கள் மோத வேண்டும். ஜெயித்தால் உடை உங்களுக்கு. காமிக்ஸின் மஞ்சள்-நீலம், பழுப்பு, எக்ஸ்-ஃபோர்ஸ் அணியின் கறுப்பு-சாம்பல் ஆகிய மூன்றும் கிடைக்கும். சவாலில் எதிரி உங்களைப் போலவே பாய்வான், தடுப்பான், ஆறுவான். அதனால் அவனை ஒருமுறை சாய்த்துவிட்டு மூச்சு வாங்க நிற்கக் கூடாது, அந்த நேரத்தில் அவன் தோல் மூடிவிடும். எலும்பு தெரிந்ததும் விடாமல் நெருக்குங்கள். உங்கள் உடம்பைப் பார்த்துப் பழகிய கண், இங்கே எதிரியின் உடம்பைப் பார்க்கும்.

கடைசிச் சண்டை த்ரீ மைல் ஐலண்டில், அணுமின் நிலையத்தின் குளிர்விக்கும் கோபுர உச்சியில். பென்சில்வேனியாவில் உண்மையாகவே இருக்கும் இடம். 1979 மார்ச் 28இல் அங்கே அணு உலை விபத்து நடந்தது, படமும் அதைத் தன் கதையோடு முடிந்துவைத்திருக்கிறது. எதிரே நிற்பது வெப்பன் லெவன், அதாவது வாயடைக்கப்பட்ட டெட்பூல். அவன் மறைந்து உங்கள் முதுகுப்பக்கம் தோன்றுவான். மறைந்தவுடன் நின்ற இடத்தில் நிற்காமல் உருளுங்கள், எந்தப் பக்கமானாலும் சரி. எழும்போது அவன் வாள் வெற்றிடத்தில் இறங்கிக்கொண்டிருக்கும், அப்போது அடியுங்கள். கண்ணிலிருந்து கதிர் பாயும்போது தூரமாக ஓடுவதைவிட அவனைச் சுற்றி ஓடுவது பாதுகாப்பு. கோபுர விளிம்புக்கு முதுகு காட்டி நிற்க வேண்டாம். ரேஜ் மீட்டரை இந்தச் சண்டையின் பாதிவரை சேர்த்துவையுங்கள். அவன் வேகம் கூடும் கட்டத்தில் வெறிநிலைக்குப் போனால் மீதியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இடையிடையே திரையில் பட்டன் தோன்றும், விரல் தயாராக இருக்கட்டும்.

நார்மலில் முடித்தால் ஹார்ட் திறக்கும். அதில் மேல் அடுக்கு சீக்கிரம் தீரும், எதிரிகள் தாங்குவார்கள். முதல் லெவலிலிருந்தே கவுண்டரையும் பிடியையும் மட்டும் வைத்து ஆடிப் பாருங்கள், லேசான அடியை இடைவெளிகளுக்கு வைத்துக்கொண்டு. அக்கா மகன் இப்போது ஹார்டில் லெவியாத்தனிடம் நிற்கிறான். பக்கவாட்டில்தான் உருளுகிறான்.